மேசையின்மேல் வடபாதை

விளையாட்டு என்னும் சொல்லைக் கேட்டதும், அது கல்விக்குப் புறம்பானது எனக் கருதுவோர் நம்மிடைப் பலர். பொம்மைப் புகையிரதம் என்றாலோ, அது சிறு குழந்தைகளுக்கு உரியது, மேல்வகுப்பு மாணாக்கனுக்கு ஒவ்வாதது எனத் தள்ளிவிடுவர். தமிழ் கற்பிக்கும் ஆசிரியனொருவன் இத்தகைய பொருளைப் பற்றி விழா மலரிலே எழுதப் புகுவது சிலர்க்கு வியப்பாகவும் இருக்கலாம். எனினும், சென்ற இரண்டு ஆண்டுகளாக, பாடசாலை முடிந்த பின்னர், நம் கல்லூரி மாணவர் சிலரோடு கூடி ஒரு மேசையின்மேல் நமது வடபாதையின் சிறு துண்டொன்றை அமைத்துவருகின்றோம். அவ்வேலையிலே நாம் கற்றவை பல. அவற்றைப் பழைய மாணவர்க்கும், இப்போது கற்போர்க்கும், உடன் பணிபுரிவோர்க்கும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பொம்மை வண்டிக்கும் மாதிரிப் பாதைக்கும் உள்ள வேறுபாட்டை முதலில் தெளிதல் வேண்டும். பொம்மை வண்டி வட்டமிட்டு ஓடும். அஃது எங்கே ஓடுகிறது, எந்த ஆண்டில் ஓடுகிறது என்னும் கேள்வி அதற்கு இல்லை. மாதிரிப் பாதையோ, ஒரு நாட்டின் ஒரு மூலையை, ஒரு குறித்த காலத்தில், ஒரே அளவிலே குறுக்கிக் காட்டுவது. அங்கு ஓடும் வண்டியைக் காட்டிலும், வண்டி கடந்து செல்லும் மண்ணும் மரமும் வேலியுமே பெரிது. இங்கிலாந்திலே பெண்டன் என்னும் அரும்பொருட்சாலை இதற்குச் சிறந்த சான்று. அவுஸ்திரேலியாவிலிருந்து 1925 இல் அங்கு சென்ற ரோய் இங்கிலண்ட் என்பவர், வெள்ளைக்குதிரைப் பள்ளத்தாக்கு எனப்படும் நாட்டுப்புறத்தின் பழைய குடிசைகள் ஒவ்வொன்றாக உருமாறி வருவதைக் கண்டு கவன்றார். புகையிரதத்திற் பற்றுக்கொண்ட அவர், அக்குடிசைகளைச் சிற்றுருவாகச் செய்யத் தொடங்கினார். 1954 இல் நிறுவப்பட்ட அச்சாலையிலே, 1920களிலும் 1930களிலும் அந்நாட்டுப்புறம் இருந்த கோலத்தை இன்றும் காணலாம். மறைவதை மறையுமுன் அளந்து வைத்தல் என்பதே அவர் பணியின் உட்கருத்து. நமது முயற்சிக்கும் அதுவே வழிகாட்டி.

இடம்

தொடக்கத்திலே மாணவரிடம் தாளைக் கொடுத்து, மனத்திலுள்ள பாதையை வரையுமாறு கூறினோம். பெரும்பாலோர் மலையொன்றை வரைந்து, அதன் வயிற்றிலே சுரங்கமொன்றைத் துளைத்து, அருகே ஆற்றுப் பாலமொன்றும் அமைத்தனர். வெளிநாட்டுப் படங்களிலே அவர்கள் கண்டவை அவை. குடாநாட்டிலே மலை உண்டா, ஆறு உண்டா, சுரங்கம் உண்டா என வினவினோம். வகுப்பு முழுவதும் நகைத்தது. நம்மிடம் இல்லாதவற்றைக் கழித்துவிட்டால், இருப்பவை எவை? இக்கேள்விக்கு வகுப்பறையில் இருந்தவாறே விடை கூற எவராலும் இயலவில்லை.

ஆகவே ஒரு சனிக்கிழமை காங்கேசன்துறையில் வண்டியேறிக் கிளிநொச்சி வரை சென்றோம். ஒவ்வொரு மாணவனும் சாளரத்தின் அருகிருந்து, நிலத்தின் நிறத்தையும், மரத்தின் இனத்தையும், வேலியின் வகையையும் குறித்துவந்தான். அக்குறிப்புக்களை ஒன்றுசேர்த்தபோது, தட்டையான நிலமென நாம் எண்ணியிருந்தது பலவாய்ப் பிரிந்து நின்றது. வலிகாமத்திலே செம்பாட்டு மண், வாழை, வெங்காயம், புகையிலைத் தோட்டம். தென்மராட்சியிலே வெளிறிய மணல், மா, பலா. பளைப் பக்கத்திலே தென்னந்தோட்டங்கள். ஆனையிறவை அடைந்தாலோ, கடனீரேரியும் உவர்நிலமும் உப்பளமும் வானமுமே. நெடுஞ்சாலையும் தண்டவாளமும் அங்கு அருகருகே செல்கின்றன.

இவற்றுள் இரண்டைத் தெரிந்துகொண்டோம். ஒன்று, செம்பாட்டு நிலத்து நிலையம். சுன்னாகத்தை மனத்திற் கொண்டு அதனை அமைத்தோம். மற்றொன்று, ஆனையிறவு வெளி. மேசையின் நடுவே நீளப்பாட்டில் ஒரு தடுப்புப் பலகையை நிறுத்தி, அதன் இரு பக்கத்திலும் வானத்தைத் தீட்டினோம். முன்பக்கம் நிற்பவர் நிலையத்தை மட்டுமே காண்பார்; பின்பக்கம் செல்பவர் கடனீரேரியை மட்டுமே காண்பார். வண்டி ஒரு காட்சியை விட்டு மறுகாட்சிக்குச் செல்லும் இடத்தை மறைப்பதற்குப் பிறநாட்டார் சுரங்கத்தைப் பயன்படுத்துவர். நமக்கு அஃது ஆகாது. அவ்விடங்களிலே பனங்கூடல்களை அடர்த்தியாக நிறுத்தினோம். வண்டி பனைகளுக்குள்ளே புகுந்து மறைகின்றது. நம் நாட்டில் வண்டி கண்ணுக்கு மறைவதும் அவ்வாறே அன்றோ?

காலம்

இடத்திற்கு அடுத்தபடி காலம். இது மிக முக்கியமானது. ஏனெனில் கைகாட்டி முதல் பெண்களின் சேலை வரை எல்லாவற்றையும் ஆண்டே முடிவு செய்கின்றது.

வடபாதையின் வரலாறு சுருக்கமாக வருமாறு. 1902 மார்ச் 11 இல் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே முதல் வண்டி ஓடிற்று. தெற்கிலிருந்த பாதைகளோடு தொடர்பற்றுத் தனித்துக் கிடந்த இப்பாதை, 1905 ஓகஸ்ட் 1 இல் கொழும்பு வரை தொடர்ச்சியுற்றது. 1956 ஏப்பிரல் 23 இல் யாழ்தேவி ஓடத் தொடங்கினாள். 1990 யூன் மாதத்தில், போரினால் வவுனியாவுக்கு வடக்கே வண்டி நின்றது. தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குக் கூரையாயின. பின்னர் இந்திய அரசின் இர்கொன் நிறுவனம் பாதையைப் புதிதாக இட்டது. 2013 செப்ரெம்பர் 14 இல் கிளிநொச்சிக்கும், 2014 மார்ச் 4 இல் பளைக்கும், அவ்வாண்டு ஒக்ரோபர் 13 இல் யாழ்ப்பாணத்திற்கும், 2015 சனவரி 2 இல் காங்கேசன்துறைக்கும் வண்டி மீண்டும் வந்தது.

நாம் எட்டு வயதுச் சிறுவனாக இருந்தபோது வண்டி நின்றது. மீண்டும் வந்தபோது முப்பதைக் கடந்த ஆசிரியனாயிருந்தோம். ஆதலால் எந்தக் காலத்தை அமைப்பது என்னும் வினா நமக்கு வெறும் அலங்கார வினா அன்று.

மாணவர் இன்றைய வண்டியையே விரும்பினர். நாம் 1960களைக் கூறினோம். காரணம் இதுவே: இன்றைய வண்டியைக் கடவையில் நின்று எவரும் காணலாம், கைத்தொலைபேசியிற் படமும் பிடிக்கலாம். 1902 ஆம் ஆண்டு வண்டியைக் கண்டவர் எவரும் இன்று இல்லை. 1960களைக் கண்டவரோ இன்றும் நம் வீட்டுத் திண்ணைகளில் இருக்கின்றனர். ஆனால் நெடுங்காலம் இருக்கப்போவதில்லை. கேட்டு அறியக்கூடிய காலங்களுள் மிகப் பழையது எதுவோ, அதனையே முதலிற் செய்தல் வேண்டும் என்றோம். மாணவர் இசைந்தனர்.

அப்போது ஒரு மாணவன் எழுந்து, "சேர், வண்டி ஓடாத 24 ஆண்டுகளையும் எங்கே வைக்கப்போகிறோம்?" என்று கேட்டான். அவ்வாண்டுகளை விட்டுவிடலாம் என்று கூற எமக்கு நா எழவில்லை. ஈற்றிலே ஒரு வழி கண்டோம். ஆனையிறவுப் பக்கத்திலே இரண்டு அடி நீளத் துண்டொன்றைக் கழற்றி மாற்றக்கூடியதாக அமைத்தோம். அதற்கு இரண்டு பலகைகள் உண்டு. ஒன்றில் தண்டவாளம் உண்டு. மற்றொன்றில் வெறும் அணையும் பற்றைகளும் எருக்கலையும் மட்டுமே. இரண்டாம் பலகையை வைத்தால் வண்டி ஓடாது, நிலையத்திலேயே நிற்கும். அக்கேள்வியைக் கேட்ட மாணவனே அப்பலகையைச் செய்தான்.

அளவு

இனித் தொழில்நுட்பத்திற்கு வருவோம். கடைகளிலே விற்கப்படும் மாதிரித் தண்டவாளங்களுட் பரவலானது, இரு தண்டவாளங்களுக்கும் இடையே 16.5 மில்லிமீற்றர் அகலமுள்ளது. அது பிறநாடுகளின் 4 அடி 8½ அங்குலப் பாதையைக் குறிப்பதற்காகச் செய்யப்பட்டது. நம் நாட்டுப் பாதையோ 5 அடி 6 அங்குல அகலம் உடையது. ஆகவே கடையில் வாங்கும் வெளிநாட்டு வண்டியை அப்படியே ஓட்டினால், பாதை ஒடுங்கித் தோன்றும். இலங்கை வண்டியின் விரிந்த நிலை கிட்டாது.

இதற்குக் கணக்கே துணை செய்தது. ஓர் அடியை 3 மில்லிமீற்றராகக் குறுக்கினால், ஐந்தரை அடி சரியாக 16.5 மில்லிமீற்றர் ஆகும்! அதாவது, கடைத் தண்டவாளத்தை மாற்றாது வைத்துக்கொண்டு, ஏனைய யாவற்றையும் அடிக்கு 3 மில்லிமீற்றர் என்னும் அளவிலே நாமே செய்தால், நம் அகலப்பாதை பிழையின்றி அமையும். இவ்வளவு 101.6 இல் ஒரு பங்கு. தண்டவாளத்தின் கீழுள்ள கட்டைகளின் இடைவெளி மட்டும் ஒவ்வாது. சல்லியைச் சற்று மேலேற்றி அதனை மறைத்தோம். ஐந்தரை அடி உயர மனிதன் 16.5 மில்லிமீற்றர், ஆறடி வேலி 18, அறுபது அடிப் பெட்டி 180. இக்கணக்கை மாணவர் ஒரு வாரத்துள் மனத்திற் பதித்துக்கொண்டனர்.

இவ்வளவின்படி ஒரு மைல் ஏறத்தாழ 52 அடி நீளம் பெறும். கொழும்பிலிருந்து காங்கேசன்துறை வரையுள்ள ஏறத்தாழ 256 மைலையும் அமைப்பதாயின் 4 கிலோமீற்றர் நீள மேசை வேண்டும். ஆகவே எதனை விடுவது என்று முடிவு செய்வதே இக்கலையின் பாதி. சுன்னாகத்திற்கும் ஆனையிறவுக்கும் இடையேயுள்ள ஊர்களெல்லாம் எமது பனங்கூடலுக்குள் அடங்கிவிட்டன. அவ்வூர்ப் பழைய மாணவர் எம்மைப் பொறுத்தருள்வாராக.

மேசையும் மின்னும்

மேசை 8 அடி நீளமும் 4 அடி அகலமும் உடைய ஓர் ஒட்டுப்பலகை. வளைவின் ஆரை 438 மில்லிமீற்றர். உண்மைப் பாதையில் இவ்வளவு கூரிய வளைவு இல்லை. அதனாலும் வளைவுகளைப் பனங்கூடலுள் மறைத்தல் வேண்டும். இரு வளைவுகளுக்கும் இடம் விட்டபின், நேர்ப்பாதைக்கு ஏறத்தாழ 1440 மில்லிமீற்றரே எஞ்சும். நிலையத்திலே இரண்டு வண்டிகள் ஒன்றையொன்று விலகிச் செல்லும் இணைத்தடம் அமைத்தால், அதன் இரு முனைகளும் கணிசமான இடத்தைத் தின்றுவிடும். எனவே ஓர் எஞ்சினும் மூன்று பெட்டிகளுமே எமது யாழ்தேவி. நீண்ட வண்டியை விரும்புவோர் நீண்ட சுவரைத் தேடிக்கொள்க.

எஞ்சினை இயக்குவது 12 வோல்ற்று நேர்மின்னோட்டம். ஒரு தண்டவாளம் நேர்முனை, மற்றது எதிர்முனை. சக்கரங்களின் வழியே மின் மோட்டரை அடைகின்றது. முனைகளை மாற்றினால் வண்டி பின்னோக்கி ஓடும். தண்டவாள இணைப்புக்களை மட்டும் நம்பியிருந்தால் தூரப்பகுதியில் வண்டி சோர்ந்துவிடும். மூன்றடிக்கு ஒருமுறை கீழிருந்து கம்பியொன்றைப் பற்றாசு வைத்துப் பொருத்துதல் நன்று. இணைப்புக்களில் நூலிழை அளவு இடைவெளி விடுதலும் வேண்டும். நம் வெயிலில் உலோகம் நீளும். இடைவெளி இன்றேல் தண்டவாளம் நெளியும். பெரும்பாதையில் அவ்வாறு இடைவெளி விட்டதனாலன்றோ பழைய வண்டிகள் தாளம் போட்டுச் சென்றன.

எமது எஞ்சின், 1954 இல் கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடாவிலிருந்து வந்த எம்2 வகுப்பைச் சேர்ந்தது. அவ்வெஞ்சின்கள் சில கனடிய மாகாணங்களின் பெயர்களைத் தாங்கி நின்றன. அவற்றுள் ஒன்றின் பெயர் ஒன்ராறியோ. நாம் வாங்கியது ஒரு பழைய எஞ்சினின் சக்கரத்தொகுதியும் மோட்டருமே. மேலுடலைத் தடித்த அட்டையாலும் பிளாஸ்ரிக் தகட்டாலும் மாணவர் செய்தனர். அதன் பக்கத்திலே ஒன்ராறியோ என்று எழுதியபோது, தன் பெரியதந்தையார் அங்கேதான் இருக்கிறார் என்று ஒருவன் கூறினான். உடனே வேறு நால்வரும் அவ்வாறே கூறினர். ஒருகால் ஒன்ராறியோ நம் நாட்டிற்கு வந்தது. பின்னர் நம்மவர் ஒன்ராறியோவுக்குச் சென்றனர்.

மண்ணும் மரமும்

ஒரு பாதையைப் பிறவூர்ப் பாதையினின்று பிரித்துக் காட்டுவது மண்ணே. நாம் நிறம் தீட்டவில்லை. செம்பாட்டு மண்ணையே எடுத்தோம். அதனை வெயிலில் உலர்த்தி, அடுப்பிலே வறுத்து, மெல்லிய துணியில் அரித்துக்கொள்ளல் வேண்டும். பின்னர்க் காந்தம் ஒன்றை அதன்மீது பலமுறை இழுத்தல் இன்றியமையாதது. மண்ணிலுள்ள இரும்புத் துகள் மோட்டருக்குள் ஏறினால் எஞ்சின் பழுதுபடும். தூவிய மண்ணின்மேல், சமபங்கு நீர் கலந்த வெள்ளை மரப்பசையைத் துளித்துளியாக விடுக. பாத்திரம் கழுவும் சவர்க்கார நீர் ஒரு துளி சேர்த்தால் பசை பரவி ஊறும்.

ஆனையிறவுப் பக்கத்திலே நாம் செய்த பிழையையும் கூறிவிடுவோம். உப்பளத்திற்கு உண்மை உப்பே பொருத்தம் என்று எண்ணித் தூவினோம். மாரி வந்தது, உப்பு ஈரத்தை உறிஞ்சிக் கசிந்தது, அருகிலிருந்த தண்டவாளம் பச்சை பூத்தது, வண்டி நின்றது. அத்தனையையும் சுரண்டி எடுத்துவிட்டுச் சுதைமாவைத் தூவினோம். மண்ணுக்கு மண் பொருந்தும். உப்புக்கு உப்பு ஆகாது. கடனீரேரிக்கு ஆழம் வேண்டியதில்லை. சாம்பரும் கபிலமும் கலந்து பலகையிலேயே தீட்டி, நன்கு உலர்ந்தபின் வார்னிசை ஐந்தாறு முறை பூசினால் நீர் மின்னும்.

அடுத்தது பனை. கடைகளிற் கிடைக்கும் பிளாஸ்ரிக் மரங்களுள் தென்னை போன்றவை உண்டு. பனை நமக்கு அகப்படவில்லை. தென்னோலை இறகு போன்றது. பனையோலை விசிறி போன்றது. இவ்வேறுபாட்டை அறியாதவன் குடாநாட்டை அமைத்தல் இயலாது. பழைய அப்பியாசப் புத்தகத் தாளிலே 12 மில்லிமீற்றர் வட்டங்களை வெட்டி, விசிறி போல மடித்து, ஓரத்தைக் கிழித்துப் பச்சை தீட்டினோம். ஒரு மரத்திற்கு முப்பது நாற்பது ஓலை வேண்டும். அடிமரத்திற்கு மெல்லிய குச்சியிலே நூலைச் சுற்றிக் கருஞ்சாம்பர் பூசினோம். அறுபதடிப் பனை 180 மில்லிமீற்றர் உயரம் வரும். நிலையக் கட்டடம் அதன் காலடியிலே சிறுத்து நிற்கும். அது பிழையன்று, உண்மையும் அதுவே.

முதலிற் செய்த பனைகள் அழகாக இருந்தும் உயிரின்றித் தோன்றின. காரணத்தைக் கண்டுபிடித்தவர் எமது கல்லூரிக் காவலாளி. "காவோலை எங்கே?" என்று கேட்டார். மெய்தான், எல்லா ஓலையையும் பச்சையாகவே வைத்திருந்தோம். குருத்துக்குக் கீழே உலர்ந்து தொங்கும் கபில ஓலைகளை ஒட்டியவுடன் பனை பனையாயிற்று. காவோலையைக் கண்டு குருத்தோலை சிரித்ததாம் என்னும் பழமொழியை வகுப்பிலே பலமுறை விளக்கியிருக்கின்றோம். ஆயினும் காவோலையை மறந்தோம்.

கிடுகு வேலிக்குச் சணற் சாக்கின் துண்டு போதும். அதன் பின்னல் இவ்வளவிற்கு ஏற்ற தோற்றம் தரும். துலாவுக்கு ஈர்க்கு. இவ்வாறு, வாங்கியவை சில, பொறுக்கியவை பல.

பெயர்ப்பலகை

கட்டடங்களையும் கைகாட்டியையும் அமைக்கும்போது, மாணவர் தம் பாட்டன்மாரையும் பாட்டிமாரையும் வினவினர். பாட்டன் ஒருவர், வண்டியில் ஏற்றுவதற்கு வாழைக்குலைகள் அடுக்கப்பட்டிருந்த இடத்தைக் காட்ட, தம் கைத்தடியால் முற்றத்து மணலிலேயே நிலையத்தை வரைந்தார். பாட்டியொருவர், மணமுடித்துக் கொழும்புக்குப் புறப்பட்ட நாளில் தாம் அமர்ந்திருந்த வாங்கு எந்தச் சுவரோரம் இருந்தது என்று கூறினார். அவ்வாங்கு இப்போது எமது மேசையில் 15 மில்லிமீற்றர் நீளத்தில் இருக்கின்றது. பேரனும் பாட்டியும் இரண்டு மணி நேரம் ஓரிடத்திருந்து பேசியதற்கு அவ்வாங்கே காரணம் என அம்மாணவனின் தாயார் எமக்குக் கூறினார்.

ஒன்று மட்டும் முடிவாகவில்லை. நிலையப் பெயர்ப்பலகையிலே எம்மொழி மேலே நின்றது, எது கீழே நின்றது என்பதில் முதியோர் மாறுபட்டனர். ஒருவர் கூறியதை மற்றொருவர் மறுத்தார். இருவரும் உறுதியாகவே கூறினர். ஊகித்து எழுதிவிடலாம் என்று மாணவர் சிலர் கூறினர். நாம் உடன்படவில்லை. அந்நிறுத்தத்தில் ஒரு மொழி எங்கே நின்றது என்பது சிறு செய்தி அன்று. அதனைக் கற்பனையால் நிரப்புதல் தகாது. ஆகவே பலகையை வெள்ளையாகவே விட்டிருக்கின்றோம்.

பழைய மாணவர்களே, உங்கள் பெட்டகங்களிலும் படத்தொகுப்புக்களிலும் அக்காலத்து நிலையத்தின் படம் ஒன்றேனும் இருக்கலாம். மணமக்களை வழியனுப்பிய படமாக இருக்கலாம். கல்லூரிக் கிரிக்கெற் குழு தெற்கே புறப்பட்ட படமாக இருக்கலாம். மனிதருக்குப் பின்னே பலகையின் மூலை தெரிந்தாலும் போதும். அப்படத்தின் பிரதியை, ஆண்டு தெரியுமாயின் அதனையும் குறித்து, கல்லூரித் தமிழ் ஆசிரியர் என முகவரியிட்டு அனுப்புக. விழா நாள்களில் மேசை விஞ்ஞானகூடத்தின் முன்மண்டபத்தில் வைக்கப்பட்டிருக்கும். காலையில் தண்டவாளமற்ற பலகை இருக்கும். பிற்பகல் இரண்டு மணிக்கு மாணவர் அதனைக் கழற்றிவிட்டு மற்றதைப் பொருத்துவர். அவ்வேளையில் வருவோர் வண்டி புறப்படுவதைக் காணலாம்.